நிரூபணத்தை நீக்கிய பாடநூல்

என்சிஇஆர்டி வெளியிடும் பதினோராம் வகுப்புக் கணித நூலின் பழைய பதிப்பில் நான்காம் பாடம் கணிதத் தொகுத்தறிதல். பதினான்காம் பாடம் கணிதத் தர்க்கம். இன்று தில்லி நயி சடக்கில் எந்தப் புத்தகக் கடையில் வாங்கினாலும் அந்த நூலில் இவ்விரண்டு பாடங்களும் இல்லை. பதினாறு பாடங்கள் பதினான்காகிவிட்டன. பெருந்தொற்றுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக 2022-ல் செய்யப்பட்ட சீரமைப்பில் இவை நீங்கின. 2024-ம் ஆண்டு ஜேஇஇ மெயின் தேர்வின் பாடத்திட்டத்திலிருந்தும் அதே இரண்டு தலைப்புகள் போயின. பள்ளியிலும் இல்லை, நுழைவுத் தேர்விலும் இல்லை என்றால் ஒரு பாடம் வகுப்பறையை விட்டு முழுவதுமாக வெளியேறிவிட்டது என்று பொருள்.

பரிணாமக் கொள்கையும் முகலாயர் வரலாறும் பாடநூல்களில் வெட்டப்பட்டபோது நாடாளுமன்றம் வரை பேசினோம். அது தேவையான பேச்சுதான். கணிதத்தில் வெட்டப்பட்டதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. கணிதம் என்றால் சூத்திரங்களின் தொகுப்பு, அதில் இரண்டு போனால் என்ன என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. போனவை சூத்திரங்கள் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு கூற்று உண்மை என்று எப்படித் தெரியும், தெரிந்ததை அடுத்தவர் மறுக்க முடியாதபடி எப்படி எழுதுவது என்பதை மேல்நிலை மாணவருக்கு நேராகச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் அவை. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் பிற்சேர்க்கையில் நிரூபணத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பிற்சேர்க்கையிலிருந்து தேர்வில் கேள்வி வராது. வராததை நடத்த எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது.

நிரூபணம் எதற்கு, சரிபார்த்தால் போதாதா என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு 1772-லேயே ஆய்லர் கவனித்தது. ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, அதே எண்ணைக் கூட்டி, 41-ஐயும் சேருங்கள். ஒன்றுக்கு 43 வரும். இரண்டுக்கு 47. மூன்றுக்கு 53, நான்குக்கு 61. எல்லாமே பகா எண்கள். பத்து வரை போட்டுப் பார்த்தாலும் பகா எண்தான், இருபது வரை போனாலும் அப்படித்தான். 39-க்கு 1601 வருகிறது, அதுவும் பகா எண். இத்தனை முறை சரியாக வந்த பிறகு இது என்றும் சரியாக வரும் என்று நம்பாத மனம் அரிது. 40-க்குப் போட்டுப் பாருங்கள்: 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கிய எண். முப்பத்தொன்பது முறை உண்மையாக இருந்தது நாற்பதாவது முறை உடைகிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொன்று. 1, 3, 5, 7 என ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால், எத்தனை எண்களைக் கூட்டினோமோ அதன் வர்க்கம் கிடைக்கும். இதுவும் நாற்பதில் உடைந்துபோகுமா? உடையாது, அதைக் கணக்குப் போடாமலே சொல்லலாம். முதல் நூறு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒற்றை எண் 201. இரண்டையும் சேர்த்தால் 10,201, அது 101-ன் வர்க்கம். நூறுக்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இதே காரணம் நிற்கும்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் இரு மடங்கையும் ஒன்றையும் கூட்டினால் அடுத்த எண்ணின் வர்க்கம் வந்தாக வேண்டும். முதல் படி சரி, ஒரு படி சரியென்றால் அடுத்த படியும் சரி. ஆகவே எல்லாப் படிகளும் சரி. முடிவில்லாத எண்களைப் பற்றி நான்கு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தன் அறிவின் மேல் மரியாதை வரவைக்கும் தருணம் பள்ளிப் படிப்பில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நீக்கப்பட்ட நான்காம் பாடம் இதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே திசையில்தான் கத்தரி ஓடியிருக்கிறது. ரோலின் தேற்றமும் லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றமும் போயின. வரையறுத்த தொகையீட்டை ஒரு கூட்டுத்தொகையின் எல்லையாகக் காணும் பகுதியும் போயிற்று. தொகையிடும் உத்திகள் மட்டும் அப்படியே இருக்கின்றன: எந்தப் பிரதியீடு, எந்த வடிவத்துக்கு எந்தச் சூத்திரம் என்று. நுண்கணிதம் ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் பக்கங்கள் குறைந்து, எப்படி விடை எடுப்பது என்பதைச் சொல்லும் பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. சுமையைக் குறைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தில்லியின் பதினேழு வயதுப் பிள்ளைகள் சுமக்கும் பாரத்தைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். தொகையிடலில் இருபது வகைகளைப் பத்தாகக் குறைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. காரணத்தை வெட்டிவிட்டு உத்தியை வைத்துக்கொண்டதால் சுமை குறையவில்லை. காரணம் தெரியாத உத்தியை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், மனப்பாடத்தைவிடப் பெரிய சுமை கணிதத்தில் இல்லை.

தில்லியின் தெற்கே ஸ்ரீ அரவிந்தர் மார்க்கில் நின்று பார்த்தால் இந்தக் கதை முழுவதும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கேதான் என்சிஇஆர்டி வளாகம். பக்கத்தில் ஐஐடி. அதன் பின்புறம் சன்சன்வால் மார்க்கில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தில்லி மையம். சென்னையில் பிறந்த கே.ஆர்.பார்த்தசாரதி பல பத்தாண்டுகள் உட்கார்ந்து குவாண்டம் நிகழ்தகவுக் கோட்பாட்டை வளர்த்த இடம். 2023-ல் அவர் மறைந்தார். ஹவுஸ் காஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டி காலு சராய், ஐஐடி பயிற்சி மையங்களின் பேட்டை. அங்கே சுவரெங்கும் தரவரிசை எண்களோடு பிள்ளைகளின் முகங்கள். பாடநூல் எழுதப்படும் இடமும், உயர் கணிதம் நடக்கும் இடமும், விடை எடுக்கும் வித்தை விற்கும் இடமும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மாணவர் மேல் இம்மூன்றில் எதன் பிடி இறுக்கம் என்று கேட்டால், தில்லிப் பெற்றோர் யாரும் யோசிக்காமல் காலு சராயைக் காட்டுவார்கள்.

அந்தப் பிடிக்குக் காரணம் பயிற்சி மையங்களின் பேராசை மட்டுமல்ல. தேர்வின் வடிவம் அப்படி. ஜேஇஇ மெயின் தேர்வில் இப்போது மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி. 2022 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் கணித ஆனர்ஸ் சேர வேண்டுமென்றாலும் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; 2025-ல் அதில் ஒரு பாடத்துக்கு அறுபது நிமிடத்தில் 50 கேள்விகள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. இவற்றில் ஒரு மாணவர் தன் காரணத்தை ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. சிபிஎஸ்இயின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ஒன்றுதான் இன்னும் பேனாவைக் கையில் கொடுக்கிறது. அதிலும் 80 மதிப்பெண்ணுக்கு 38 கேள்விகள், அவற்றில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள், ஐந்து மதிப்பெண்ணுக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு நான்கே கேள்விகள். லட்சக்கணக்கானோருக்கு நடத்தும் தேர்வைக் கணினியால் திருத்தக்கூடியதாக வைப்பதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கணினியால் திருத்த முடியாததெல்லாம் கற்க வேண்டாதது என்று பாடநூலும் ஒப்புக்கொண்டதுதான் வேதனை.

தேர்வின் பிடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024-ல் தில்லி ஒரு சாட்சி. அவ்வாண்டு செப்டம்பர் 3 அன்று தில்லியிலும் ராஜஸ்தானிலும் சிபிஎஸ்இ திடீர்ச் சோதனை நடத்தியது. பதிவேட்டில் பெயர் இருக்கும், வகுப்பில் பிள்ளை இருக்காது. பிள்ளை பயிற்சி மையத்தில் இருக்கும். இப்படிப்பட்ட டம்மி பள்ளிகள் என்று கண்டறிந்து நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. அவற்றில் 16 தில்லியில் இருந்தவை. தில்லியில் இன்னும் ஆறு பள்ளிகள் மேல்நிலை வகுப்புகளை இழந்தன. தில்லியில் இந்த வழக்கம் செழிக்க ஒரு தனிக் காரணமும் உண்டு: தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலக் கல்லூரிகளில் 85 விழுக்காடு இடங்கள் தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு. வெளிமாநிலப் பிள்ளைகள் பெயரை மட்டும் தில்லிப் பள்ளியில் பதிகிறார்கள். பள்ளி என்பது முகவரியாகிவிட்டது. அந்த முகவரியில் ஓர் ஆசிரியர் கரும்பலகையில் நிரூபணம் எழுதிக்கொண்டிருந்தால்கூடப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு பக்கம், கணிதம் படிக்க விரும்பியும் வழி கிடைக்காத பிள்ளைகள். தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவே இல்லை. பக்கத்துப் பள்ளியில் இல்லையென்றால் தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். பையனை அனுப்பும் வீடு பெண்ணை அனுப்பத் தயங்குகிறது. அவள் இருக்கும் பள்ளியில் இருக்கும் பிரிவை எடுத்துக்கொள்கிறாள். 2020 முதல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்ட், பேசிக் என இரண்டு கணிதத் தேர்வுகள் வேறு. தோல்வி பயத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகளை பேசிக் பக்கம் தள்ளுவது எளிது. பேசிக் எழுதியவர் பதினொன்றில் முழுக் கணிதம் எடுக்க முடியாது என்றுதான் முதலில் விதி இருந்தது. பிறகு தளர்த்தி, மாணவரின் திறனில் தலைமையாசிரியருக்குத் திருப்தி இருந்தால் எடுக்கலாம் என்றார்கள். பதினைந்து வயதில், பெரும்பாலும் மற்றவர் சொல்லி எடுத்த முடிவு, பொருளாதாரம் படிக்கலாமா கூடாதா என்பதுவரை போய் நிற்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

பொருளாதாரத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். 2019-ல் தில்லிப் பல்கலைக்கழகம் பொருளாதார ஆனர்ஸ் சேர்க்கைக்கான நான்கு பாட மதிப்பெண்களில் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றியது. சேர்க்கைப் பதிவு தொடங்கும் தறுவாயில் வந்த மாற்றம். மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு பழைய விதிப்படியே சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூன் மாதம் உத்தரவிட்டது. நீதிமன்றம் தவறெனக் கண்டது மாற்றத்தின் நேரத்தை. பொருளாதாரத்துக்குக் கணிதம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கணிதம் அறிவியல் பிரிவுப் பிள்ளைகளின் சொத்து என்று நினைத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இந்த வகையில் 2020-ல் சிபிஎஸ்இ கொண்டுவந்த பயன்பாட்டுக் கணிதம் நல்ல ஏற்பாடு. வணிகம், கலைப் பிரிவுப் பிள்ளைகள் புள்ளியியலும் கடன் தவணைக் கணக்கும் காலத்தொடரும் படிக்கிறார்கள். எண்களின் வகுமீதியைப் பற்றிய அழகான பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. அதை இரண்டாம் தரக் கணிதம் என்று இளக்காரமாகப் பேசும் ஆசிரியர்கள் அந்த நூலை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

நிரூபணம் வேண்டும் என்று இப்போது சொல்வது புதிய கருத்தில்லை. 2005-ல் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் தயாரானபோது கணிதக் கல்விக்கான குழுவின் தலைவராக இருந்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.ராமானுஜம். குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் குறிக்கோள் என்று அக்குழுவின் அறிக்கை சொன்னது. நம் பாடத்திட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக உயர்ந்துகொண்டே போகிறது, அகலம் இல்லை. அடிமட்டத்தில் ஒன்றைத் தவறவிட்ட பிள்ளை மேலே எதையும் பிடிக்க முடியாமல் போகிறது என்று சுட்டியது. அந்தச் சட்டகத்தின்படி எழுதப்பட்ட நூல்கள்தான் இன்று கத்தரிக்கப்பட்டு நிற்கின்றன. அறிக்கை கேட்டது அகலத்தை. நடந்தது, உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அடித்தூணைச் சுரண்டியது.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 2018-ல் வந்த பிளஸ் 1 கணித நூலின் நான்காம் பாடம் சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும். திருநெல்வேலியில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பெண் அதைப் படிக்கிறாள். தில்லியிலோ சென்னையிலோ அதிகக் கட்டணம் கட்டி சிபிஎஸ்இயில் படிக்கும் பையன் படிப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் எடுக்கும் மாணவர்களுக்குத் தொகுத்தறிவு நிரூபணம் தேர்வில் வழக்கமாக வரும் கேள்வி. அவர்கள் அதைத் தமிழில் எழுதுகிறார்கள். பிரிட்டனின் ஏ லெவல் மேற்கணிதத்தில் அது கட்டாயம். ஐபி என்னும் சர்வதேசப் பாடத்திட்டத்தின் உயர்நிலைக் கணிதத்திலும் உண்டு. அங்கே ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்து ஆராய்ந்து எழுதும் கட்டுரைக்கு 20 விழுக்காடு மதிப்பெண். தில்லியில் ஐபி நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தொடும். ஒரே நகரத்தில், பணமிருக்கும் வீட்டுப் பிள்ளை ஏன் என்று எழுதப் பழகுகிறது, மற்ற பிள்ளை எது என்று குறிக்கப் பழகுகிறது. தலைநகரின் கல்வியாளர்கள் உறக்கம் தொலைக்க வேண்டிய விஷயம் இது.

புதிய கல்விக் கொள்கை இந்திய அறிவு மரபைப் போற்றுகிறது. மனமார வரவேற்கிறேன். அந்த மரபின் மிக உயர்ந்த சாதனைகளில் ஒன்று கேரளத்தில் 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா. அவருக்கு முந்தைய கேரளக் கணிதர் மாதவர் கண்ட முடிவிலாத் தொடர்களுக்கு அந்த நூல் காரணம் சொல்கிறது. முடிவை மட்டும் தந்துவிட்டு நகர்வதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் தர்க்கத்தால் எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் கூட்டும் வழி அதில் இருக்கிறது. நம் மரபின் பெருமை பூஜ்யத்தைக் கண்டதோடு முடிவதில்லை. யுக்தியை, அதாவது ஏன் என்பதை, மக்கள் மொழியில் எழுதி வைத்தது அதனினும் பெரிது. அந்த மரபைப் பிள்ளைகளுக்குத் தர விரும்புகிறவர்கள் முதலில் திருப்பித் தர வேண்டியது அந்த நான்காம் பாடத்தை.

இழப்பு கல்லூரியில்தான் தெரிகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் கணித ஆனர்ஸ் முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் மெய்யெண் பகுப்பாய்வும் வந்துவிடுகின்றன. மேல்வரம்புடைய, வெற்றல்லாத மெய்யெண் கணம் ஒவ்வொன்றுக்கும் மீச்சிறு மேல்வரம்பு உண்டு என்பதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கூற்றையும் நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாங்கிய பிள்ளை முதல் மாதத்திலேயே தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறது. வராதது கணிதம் அல்ல. அதுவரை யாரும் அதை நிரூபணம் எழுதச் சொன்னதில்லை, அவ்வளவுதான். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் இந்தியப் புள்ளியியல் கழகமும் தம் நுழைவுத் தேர்வுகளில் இன்றும் நிரூபணம் எழுதச் சொல்கின்றன. அவற்றுக்குத் தயாராகும் பிள்ளை பள்ளிக்கு வெளியே, சில வேளை பள்ளிக்குத் தெரியாமலேகூட, அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எஸ்.குமரேசன் 1993-ல் தொடங்கிய கோடைக்காலக் கணிதப் பயிற்சித் திட்டம், கல்லூரி மாணவர்களைச் சிந்திக்கவும் எழுதவும் பழக்குவதற்காகவே உருவானது. கல்லூரியில் செய்ய வேண்டியிருக்கும் அந்தச் சீர்படுத்தலைப் பள்ளியே ஏன் தொடங்கக் கூடாது?

கும்பகோணத்துப் பள்ளி மாணவர் ராமானுஜன் படித்த லோனியின் முக்கோணவியல் நூலை இன்றும் காலு சராயில் ஜேஇஇ பிள்ளைகள் கையில் காணலாம். நூற்றாண்டு கடந்தும் அந்த நூல் கடினமான கணக்குகளுக்காக நிற்கிறது. அதில் ஒவ்வொரு முடிவும் அதற்கு முந்தையதிலிருந்து எப்படி வருகிறது என்று எழுதப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் தாண்டிப்போய் அத்தியாயக் கடைசிக் கணக்குகளுக்குப் போகிறார்கள். நேரமில்லை என்கிறார்கள். உண்மையிலேயே அவர்களுக்கு நேரமில்லை, அவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

2023-ல் வந்த பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின்படி புதிய பாடநூல்கள் வகுப்பு வகுப்பாக வந்துகொண்டிருக்கின்றன. மேல்நிலை வகுப்புக் கணித நூலும் புதிதாக எழுதப்பட வேண்டியதுதான். அதில் நிரூபணம் ஒரு தனிப் பாடமாக மூலையில் உட்காராமல், எண்கள், வடிவியல், நுண்கணிதம் என எங்கும் இழையோட வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால் தொகையிடல் உத்திகளில் பாதியை எடுத்துவிடலாம். சிபிஎஸ்இ 20 மதிப்பெண் அகமதிப்பீட்டில் கணிதச் செயல்பாடுகளுக்கென 10 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறது. பல பள்ளிகளில் அது அட்டை ஒட்டிக் கணித மாதிரி செய்வதில் போய்விடுகிறது. அந்த மதிப்பெண்ணில் ஐந்தை, மாணவர் தன் சொற்களில் எழுதும் ஒரு நிரூபணத்துக்குக் கொடுக்கலாம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று வைத்தால் இன்னும் நல்லது. 2024-25 முதல் மேல்நிலைத் தேர்வுகளில் பாதிக் கேள்விகள் திறன் சார்ந்தவையாக இருக்கும் என்று வாரியமே சொல்லியிருக்கிறது. ஒரு தவறான நிரூபணத்தைக் கொடுத்து எந்த வரியில் பிழை என்று கேட்பதைவிடத் திறன் சார்ந்த கேள்வி எது?

ஆசிரியர்களுக்கும் பயிற்சி வேண்டும். நிரூபணமே எழுதாமல் பட்டம் வாங்கியவரிடம் அதைக் கற்பிக்கச் சொல்ல முடியாது. சென்னையில் 1965 முதல் இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புகளின் அனுபவம் இதில் கைகொடுக்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி, ஆர்.கே.புரம் என ஏழு இடங்களில் பள்ளி நடத்துகிறது. பாடநூல் மாறும்வரை காத்திருக்காமல் அந்தப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் கணித வட்டம் நடத்தலாம். தமிழ்நாட்டு பிளஸ் 1 நூலின் முதல் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். நான்காம் பாடத்தைத் திறந்து, முதல் வகுப்பில் ஒற்றை எண்களைக் கூட்டச் சொல்லலாம். இரண்டாம் வகுப்பில் ஆய்லரின் 41-ஐக் கொடுத்து, அது எந்த எண்ணில் உடையும் என்பதையும் ஏன் அங்கே உடைந்தாக வேண்டும் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் பொறுத்திருக்கலாம்.